கறுப்பின் விலா எலும்பு

நாய் தண்ணீரில் விழுந்தால் எப்படியும் நீந்திக் கரையேறிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எல்லா நாய்க்கும் அது முடியாது என்பதை நம் கறுப்பு விழுந்த அன்று கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள். குனோங் ராபாட்டில் நாம் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய லொங்காங் போகும். மலையிலிருந்து வருகிற மழைத் தண்ணீருக்காகக் கட்டிய சிமெண்டு வாய்க்கால் அது. அதற்கு அந்தப் பக்கம் திடல், இந்தப் பக்கம் வீடுகள். கறுப்பு பகலெல்லாம் திடலில் மரத்தடியில் படுத்துக் கிடக்கும். பலகை ஆலையில் வேலை முடிந்து நான் வரும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, அந்த லொங்காங்கை ஒரே தாவலில் தாண்டி, எனக்கு முன்னால் கேட்டில் வந்து நிற்கும்.

அன்று மலைப்பக்கம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. லொங்காங்கில் கலங்கிய தண்ணீர் பாதிக்கு மேல் ஓடியது. சத்தம் கேட்டுக் கறுப்பு எழுந்தது. ஆனால் ஓடி வரவில்லை, நடந்து வந்தது. கரையில் நின்று யோசித்தது. ஒரு நாய் யோசித்து நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு தாவியது. முன்கால் இரண்டும் இந்தக் கரையைத் தொட்டன. பின்பாதி கல்லைக் கட்டிவிட்டதுபோல் கீழே போனது. நகத்தால் சிமெண்டைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே இறங்கினேன். தண்ணீர் என் இடுப்புக்குத்தான் இருந்தது. கறுப்பை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. பால்மரக் காட்டில் தோம்பு தோம்பாக ரப்பர்ப் பால் சுமந்த தோள் இது. ஆலையில் பலகை சுமக்கிற தோள். ஒரு நாயைத் தூக்க முடியவில்லை! அது மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தது.

"தம்பி, விட்றாதீங்க! புடிச்சிக்கிங்க!" என்று கத்திக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். கரையில் மண்டி போட்டுக் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். கோடி வீட்டு ஐயாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், ரயில்வேயில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் மேலேயிருந்து இழுக்க, நான் கீழேயிருந்து முட்டுக் கொடுத்துத் தள்ள, எப்படியோ மேலே கிடத்தினோம். கறுப்பு எழுந்து நிற்கவில்லை. விலாப்பக்கம் மட்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

"இப்பிடிக் கன்னத்தில கை வச்சுக்கொண்டு நிண்டால் காணாது. காரில ஏத்துங்கோ" என்றார் ஐயா. அவருடைய பழைய காரின் பின்சீட்டில் உங்கள் அம்மா கொண்டு வந்த சாக்கை விரித்து, ஈப்போவில் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

போகிற வழியில் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் நம் வீட்டுக்கு மறுபக்கத்தில் இருந்த சீன அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இனி அஞ்சிங் பிலா பெரானாக்?" என்று மலாயில் கேட்டாள். இந்த நாய் எப்போது குட்டி போடும் என்று கேட்கிறாள். கறுப்போ ஆண் நாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளே போய் உங்கள் அம்மாவிடமும் சொல்லிச் சிரித்தேன். சிரிப்புக்குப் பின்னால் ஒரு பெருமையும் இருந்தது. அது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது தாப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் நாய் இருக்கும். ஒரு நாய்க்காவது வயிறு நிறைந்து நாங்கள் பார்த்ததில்லை. எல்லாம் கூடை பின்னிய மாதிரி எலும்பு எலும்பாக இருக்கும். கொழுத்த நாய் துரை பங்களாவில்தான் இருந்தது. அதனால் எங்களைப் பொறுத்தவரையில், நாய் கொழுத்திருந்தால் அந்த வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று அர்த்தம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, குட்டி நாயான கறுப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தவன் நான். அந்தக் குட்டி ஊரே பார்க்க உருண்டு திரண்டு நின்றால் எனக்குப் பெருமையாக இருக்காதா?

மிருக வைத்தியர் இளவயதுப் பஞ்சாபிக்காரர். மலாயில்தான் பேசினார். கறுப்பை எடை மெஷினில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறு இருக்கிறதா என்று அவரே ஒரு தடவை தட்டிப் பார்த்தார். கோளாறு இல்லை. இந்த ஜாதி நாய் இருக்க வேண்டியதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

"கையைக் கொடுங்கள்" என்று என் கையைப் பிடித்து நாயின் விலாவில் வைத்தார். "எலும்பைத் தேடுங்கள்."

தடவினேன். அழுத்தினேன். மெத்தையை அழுத்துவது போலத்தான் இருந்தது. எலும்பு அகப்படவில்லை.

பிறகு அவர் தம் கையையே எனக்குக் காட்டினார். இதை நீங்களும் செய்து பாருங்கள். விரல்களை மடக்கி முட்டிமேல் தடவினால் எலும்பு துருத்திக்கொண்டு இருக்கும். நாயின் விலா அப்படி இருந்தால் அது பட்டினி கிடக்கிறது. கையை மல்லாத்தி உள்ளங்கை மேட்டில் தடவினால் எலும்பே தெரியாது. அப்படி இருந்தால் நாய் கொழுத்துப் போயிற்று. கையை நீட்டிப் புறங்கையில் தடவினால், தோலுக்கு அடியில் எலும்பு லேசாகத் தட்டுப்படும். அதுதான் சரியான அளவு. பூனைக்கும் இதே சோதனைதான். ஆனால் கொழுத்த பூனையைத் திடீரென்று பட்டினி போட்டுவிடக் கூடாதாம், ஈரல் கெட்டுப்போகுமாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்.

"என்ன போடுகிறீர்கள்?"

"காலையில் ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு. மீன் அவித்த தண்ணீரில் பிசைந்த சோறு."

அவர் தலையை ஆட்டினார். "அதற்கு இந்த உடம்பு வராது. வேறு யாரோ போடுகிறார்கள்." பிறகு சொன்னார்: இதயம் திணறுகிறது, பின்கால் மூட்டு தேய்ந்துகொண்டு வருகிறது, இப்படியே விட்டால் இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வரும், அதிக நாள் தாங்காது.

நாய்க்கு இனிப்பு நீரா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பக்கத்தில் நின்ற கோடி வீட்டு ஐயா ஏனோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ சோறு போடுகிறார்களாம், யார் அது என்றேன். அம்மா, "எனக்கு என்னாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, கொடியில் காயாத துணியை எடுத்து மடித்தாள்.

அந்த வாரம் சனிக்கிழமை வழக்கமான ஓவர்டைமை வேண்டாமென்று சொல்லிவிட்டு மதியமே கிளம்பினேன். தெருமுனையிலேயே எஞ்சினை நிறுத்தி, சத்தம் வராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். முன்னறைக்குள் நுழைந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். கறுப்பு கேட்டுக்கு வெளியே நிழலில் படுத்திருந்தது.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். குளித்து ஈரத்தலையோடு, விபூதி பூசி, கையில் வாழை இலைத் துண்டோடு வந்தார். இலையில் எள்ளுச் சோறு, ஓரத்தில் நெய் மினுங்கும் சர்க்கரைப் பொங்கல். கறுப்பின் முன்னால் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடி நின்றார். ஆமாம், நம் நாயைக் கும்பிட்டார். கறுப்பு பழகின சாமி மாதிரி நிதானமாக எழுந்து சாப்பிட்டது.

அவர் போனதும் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் வடை, ஒருவர் கையில் எண்ணெய் வழியும் அப்பம். அதற்கப்புறம் கோடி வீட்டு ஐயா வந்து, பாலில் ஊறிய பிஸ்கட்டை ஒவ்வொன்றாக ஊட்டிவிட்டு, தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வாயைப் பிளந்தபடி நின்றேன். தெருவில் ஒரு வெள்ளை முடிகூட இல்லாத ஒரே கறுப்பு நாய் நம்முடையது. சனி பிடித்தவர்கள் கறுப்பு நாய்க்குச் சோறு போட்டால் பாதிப்புக் குறையும் என்பது நம் ஆட்களிடம் இருக்கிற பழக்கம். அப்படியென்றால் இந்தத் தெருவின் சனியையெல்லாம் இத்தனை நாளாக இந்த ஒரு நாய்தான் தின்று தீர்த்திருக்கிறது.

பின்பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. கறுப்பு எழுந்து அசைந்து அசைந்து பின்பக்கம் போனது. நானும் சமையலறை வழியாகப் போனேன். அங்கே உங்கள் அம்மா ஒரு தட்டு நிறையத் தயிர்ச் சோற்றை வைத்து, என் நட்சத்திரத்தைச் சொல்லி, முந்தானையை இழுத்துப் போர்த்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?" என்றேன்.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு ஏழரை நடக்குது. போன வருசம் லோரிக்கு அடியில போய் விழுந்தீங்க. ஒங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா இந்தப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் என்னா செய்வேன்? ஒரு தட்டு சோறுதானே லா."

"ஒரு தட்டா? இன்னிக்கி எத்தன வீட்டு எல அது முன்னால விழுந்திச்சி தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. அதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. ஒருத்தர் போடுவது இன்னொருத்தருக்குத் தெரியாது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அவரவருக்கு அது ஒரு தட்டுச் சோறுதான். கறுப்புக்குத்தான் அது மலை.

நான் சொல்லச் சொல்ல அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி மவ, நானும் சேந்துல்ல…" என்று தயிர்ச் சோற்றுத் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கறுப்பு அவள் மடியில் தலையை வைத்துத் தட்டை எட்டப் பார்த்தது.

மற்றவர்களிடம் பேசிவிடலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் எப்படிப் பேசுவது? அவர் வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர். இனிப்பு நீர் முற்றிக் காலில் புண்ணாகி, இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அக்கா கையில் பிடித்திருந்தது இந்த ஒரு நம்பிக்கையைத்தான். அதைப் பிடுங்கினால் அவர் என்ன ஆவார்? பிடுங்காவிட்டால் கறுப்பு செத்துப்போகும்.

இருந்தாலும் போனேன். நின்றபடியே, "அக்கா, இனிமே கறுப்புக்கு ஒன்னும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. "ஏன் தம்பி? நான் என்னா விஷத்தையா போடறேன்? மொத சனிக்கெழம இது சாப்டுச்சி, அன்னிக்கே அவரு எந்திரிச்சி உக்காந்து டீ கேட்டாரு. ஒங்க நாய் ஒடம்பு பெருசா, எம்புருசன் உசுரு பெருசா?"

"சனிக்கெழம மட்டுமாக்கா போடறீங்க?"

"தெனமுந்தான் போடறேன். கேசரி, பொங்கல், கறிக்கொழம்பு. அவருக்குப் புடிச்சதெல்லாம். அவரு ஒன்னும் திங்கக் கூடாதுங்கறாங்க. இது தின்னா அவரே தின்ன மாதிரி இருக்கு தம்பி."

வைத்தியர் சொன்னதை எப்படியாவது சொல்லியாக வேண்டும். "அக்கா, இப்பிடியே தின்னா கறுப்புக்கும் இனிப்பு நீர் வந்திரும்னு டாக்டர் சொல்றாரு."

"நாய்க்குமா?" என்று அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

கறுப்பு என் பின்னாலேயே வந்து அவர் வாசலில் படுத்திருந்தது. நான் அக்காவின் கையைப் பிடிக்கவில்லை. நானே குனிந்து விலாவில் கையை வைத்து, எங்கே தேட வேண்டும் என்று காட்டினேன். அவர் உட்கார்ந்து தடவினார். மேலும் கீழும் தடவினார். விரலை அழுத்தி அழுத்தித் தேடினார். திடீரென்று அவர் அழுதுவிட்டார்.

"ஆஸ்பத்திரில அவரு நெஞ்செலும்ப ஒன்னொன்னா எண்ணலாம் தம்பி. இதுக்கு எலும்பையே காணோம். ரெண்டு பேரையும் நாந்தான் கெடுத்துட்டேனா?"

உங்கள் அம்மாதான் வேலி வழியாக வந்து அவரைத் தேற்றினாள். "இல்லக்கா. நானுந்தான் போட்டேன். எல்லாரும் நல்லதுக்குத்தான் போட்டோம்" என்றாள். இரண்டு பேரும் நாயை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள். கறுப்பு ஒன்றும் புரியாமல் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றி நக்கியது.

வழி கண்டுபிடித்ததும் அந்த அக்காதான். மறுநாள் ஒரு பிடி அரிசியைக் கிண்ணத்தில் கொண்டு வந்தார். "இத ஒங்க நாய் அரிசி டின்னுல போடுங்க. அளவா நீங்களே ஆக்குங்க. சனிக்கெழம அந்தப் பானையிலருந்து ஒரு கரண்டி எங்கையால போடறேன். எங்க வீட்டு அரிசி, எங்கையி. சாமிக்குக் கணக்கு புரியும்."

அப்படியே ஏற்பாடாயிற்று. ஆளுக்கு ஒரு பிடி அரிசி டின்னில் விழுந்தது. பானையின் அளவு மட்டும் கூடவில்லை. பூசணிக்காயும் அவித்த மீனும் சேர்த்து, டாக்டர் சொன்ன அளவுக்கு உங்கள் அம்மா ஆக்கினாள். சனிக்கிழமை மதியம் நம் வாசலில் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கோடி வீட்டு ஐயாதான் முரண்டு பிடித்தார். "எனக்குச் சனியும் இல்லை, வியாழனும் இல்லைத் தம்பி. நான் ஒரு விசுக்கோத்துத்தான் குடுக்கிறனான்."

"ஒன்னா ஐயா? நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

அவர் அசடு வழியச் சிரித்தார். "பின்னேரத்தில ஆரும் என்னோட கதைக்கிறதில்லை. அவன் வந்து இருப்பான். அதுக்கு ஒரு கைக்கூலி."

"கைக்கூலி வேணாங்கய்யா. நடக்கக் கூட்டிப் போங்க."

அன்றிலிருந்து ஐயாவும் கறுப்பும் சாயங்காலம் மலையடி வரைக்கும் நடந்தார்கள். முதல் வாரம் பத்து வீட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். யாரை யார் இழுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று சீன அக்கா வேலியில் நின்று சிரிப்பாள்.

சுலபமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பு ஒவ்வொரு வீட்டுக் கேட்டாகப் போய் உட்கார்ந்து ஊளையிட்டது. கேட்டைத் திறக்காமல் உள்ளே நிற்க அந்த அக்காவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வாராம். நீங்கள்கூட ரொட்டியை மேசைக்கு அடியில் நீட்டினீர்கள். அடிக்கவில்லை. உங்கள் கையையும் அதன் விலாவில் வைத்துத் தேடச் சொன்னேன். அப்புறம் நீட்டவில்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் கையை வைத்தபோது, ஆழத்தில் ஏதோ ஒன்று விரலில் தட்டியது. நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து தொட்டுப் பார்த்தார். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். இரண்டு விரலை மட்டும் எடுத்திருந்தார்கள், பாதம் தப்பித்தது. சனிக்கிழமைக் கரண்டிதான் காப்பாற்றியது என்று அக்கா சொல்வார். டாக்டர்கள் வேறு காரணம் சொல்லியிருப்பார்கள். நான் இரண்டுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

அன்று வாடகைக் காரிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தோம். திடலில் படுத்திருந்த கறுப்பு தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்து ஓடி வந்தது. நடுவில் லொங்காங். "வேணாம்! நில்லு!" என்று கத்தினேன். அது நிற்கவில்லை. கரைக்கு வந்ததும் யோசிக்கவும் இல்லை. நான்கு காலும் இந்தப் பக்கம் வந்து இறங்கின.

வந்தவர் ஊன்றுகோலை ஊன்றியபடி நாயையே பார்த்தார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. முகம் சுருங்கிப்போய், "என்னா இது, கறுப்பு இப்பிடி எளச்சிப் போச்சி? நான் இல்லாத நேரத்துல யாரும் சோறு போடலியா?" என்று கேட்டார்.

அக்காதான் பதில் சொன்னார்.

"போட்டோம். அளந்து போட்டோம். இனிமே ஒங்களுக்கும் அளந்துதான்."

"அடியே, நாயும் நானும் ஒன்னா?"

"ஒன்னுதான். உள்ள வாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து கறுப்பின் விலாவைத் தடவினார். ஐயா கோடி வீட்டு வாசலிலிருந்து விசிலடித்தார். நடக்கிற நேரம். கறுப்பு தடவிய கையிலிருந்து நழுவி ஐயாவிடம் ஓடியது.